கூரை கேட்ட குடைக்காரர்

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் அதை மேடையேறி, மைக் பிடித்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு செய்தவர் எனக்குத் தெரிந்து குடைக்காரர் ஒருவர்தான். இப்படிச் சொன்னால் அவர் கோபித்துக்கொள்வாரோ என்று யாரும் பயப்பட வேண்டாம். அவர் கடைக்குள் போய் ஒரு பையின் விலையைக் கேட்டுப் பாருங்கள். விலையைச் சொல்வதற்கு முன்னால் இந்தக் கதையைத்தான் சொல்வார். என்னைவிடக் கேவலமாகவும் சொல்வார்.

கடை, கால்பந்து மைதானத்தின் வடக்கு வாசலுக்கு நேர் எதிரே இருந்தது. கீழே கடை, மேலே வீடு. குடை, ரெயின்கோட், பயணப்பை, பள்ளிக்கூடப் பை எல்லாம் கூரையிலிருந்து தொங்கும். உயரமான ஆள் உள்ளே வந்தால் தலையைக் குனிந்துகொண்டுதான் பேரம் பேச வேண்டும். மனைவிக்குத் தபால் நிலையத்தில் கவுண்டர் வேலை. நாள் முழுக்க ஸ்டாம்புக்கும் பார்சலுக்கும் பதில் சொல்லிச் சொல்லி, வீட்டில் அளந்துதான் பேசுவார். ஆனால் அந்த அளவு போதும், ஆளைச் சாய்க்க.

கடைக்கு முதலாளி இவர் என்பது போர்டில் மட்டும்தான். உண்மையில் நடத்தியது மகள். மொத்த வியாபாரியிடம் விலையை இறக்குவது, விற்காத சரக்கைத் திருப்பி அனுப்புவது, எந்த மாதத்தில் எவ்வளவு வாங்கிப் போடுவது எல்லாம் அவள். வியாபாரம் பேசுவது அவள், பேச்சு மட்டும் பேசுவது இவர். கல்யாணமாகிப் போய்விடுவாளே என்று இவர் உள்ளுக்குள் உதறிக்கொண்டிருந்த சமயத்தில், அவள் கட்டிக்கொண்டது எதிரிலிருந்த கிளப்பின் கோல்கீப்பரை. மாப்பிள்ளைக்கு மைதானம் பக்கத்தில் இருக்க வேண்டும், வாடகையும் மிச்சமாக வேண்டும். ஒரு பெட்டியையும் நாலு ஜோடிக் கையுறைகளையும் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்துவிட்டார். மகள் வீட்டை விட்டுப் போகவே இல்லை. அன்றைக்குக் குடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. யாரைப் பார்த்தாலும், "வலை போட்டுப் பிடிச்ச மாப்பிள்ளைங்க, அதுவும் வலையோடவே வந்துட்டாரு" என்று சொல்லிச் சிரித்தார்.

இப்போது மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய மைதானத்துக்குக் கூரை கிடையாது. நாலு பக்கமும் சிமெண்ட் படிக்கட்டு, உட்கார்ந்தால் பின்பக்கம் மரத்துப்போகும். இடம் வேறு தாழ்வு. தூறல் விழுந்தாலே நடுவட்டத்தில் தண்ணீர் நின்றுவிடும். வெளியூர் அணிகள் பளபளவென்று புது பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து, முதல் பத்து நிமிடத்தில் ஆளுக்கொரு பக்கமாய் மல்லாந்து விழுவார்கள். நம் பையன்களுக்குச் சேறு பழக்கம். மழை மாதங்களில் கிளப், லீக் பட்டியலில் விறுவிறுவென்று மேலே ஏறும். வெயில் வந்ததும் அதே வேகத்தில் இறங்கும். "நம்ம டீமோட சிறந்த ஆட்டக்காரர் மழைதான். சம்பளமும் கேக்கறதில்ல" என்பார் குடைக்காரர். மழை பெய்தால் கிளப்புக்கு வெற்றி, இவருக்கு வியாபாரம். இப்படியொரு பொருத்தம் புருஷன் பெண்டாட்டிக்கே அமையாது.

இன்னொரு வழக்கமும் அங்கே இருந்தது. வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால் நிற்கிறவர்கள் கையில் எல்லாம் பொத்தான் குடை இருக்கும், பொத்தானை அமுக்கினால் படாரென்று விரிகிற ரகம். எதிர் அணிக்குப் பெனால்டி கிடைத்தால், அடிக்கிறவன் ஓடி வரும்போது அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அமுக்குவார்கள். கண்ணெதிரே ஒரு கறுப்புச் சுவர் திடீரென்று எழும்பினால் எவனுக்குத்தான் கால் பின்னாது? பாதிப் பந்து வானத்துக்குப் போகும். இதைக் கண்டுபிடித்தவர் தான்தான் என்று குடைக்காரர் சொல்வதில்லை. சொல்லாமல் லேசாகத் தொண்டையைக் கனைப்பார், அவ்வளவுதான். உண்மை என்னவென்றால், ஒருநாள் பெனால்டி நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, எல்லோரும் குடையை விரித்தார்கள், பந்து வெளியே போனது. மறுவாரத்திலிருந்து வெயில் நாளிலும் குடை விற்றது.

ரசிகர் மன்றத்துக்கு இவர் தலைவரான கதையும் இப்படித்தான். தலைவரைத் தேர்ந்தெடுக்கக் கூட்டம் போட்ட அன்று, இவர் லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தார். வந்திருந்த அத்தனை பேரும் "எனக்கு வேண்டாம்பா" என்று கையை விரிக்கவும், வராதவர் தலையில் கட்டிவிட்டார்கள். பேக்கரிக்காரர் வந்து சேதி சொன்னார். அவர்தான் மன்றத்துக்குப் பொருளாளர், இவருக்கு உற்ற நண்பர். சேதியைக் கேட்டதும் இவர் முதலில் செய்தது, உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு வந்ததுதான்.

அந்தச் சமயத்தில்தான் கிளப்பை சிமெண்ட்காரர் வாங்கினார். பெரிய சிமெண்ட் ஆலை முதலாளி. நல்ல மனிதர், மரியாதையானவர். ஆனால் ஆட்டக்காரர்களைவிடக் கட்டடம்தான் அவருக்கு நம்பிக்கை. "ஆட்டக்காரனுக்குக் காயம் வரும், கோவம் வரும், வேற கிளப்புலேருந்து போன் வரும். கட்டடத்துக்கு என்ன வரும்? வெள்ளையடிச்சா போதும்" என்பார். எதையும் ரசிகர்களைக் கேட்டுவிட்டுத்தான் செய்வேன் என்று பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம் போட்டார்.

கூட்டத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை கடைக்கு வந்து, தொங்கிக்கொண்டிருந்த பைகளுக்கு நடுவே தலையைக் குனிந்தபடி தயங்கித் தயங்கிப் பேசினார்.

"மாமா, ஒரு விஷயம். நாளைக்கு அவர் கேட்டாருன்னா, ரெண்டு நல்ல டிபெண்டர் வேணும்னு சொல்லுங்க மாமா. எனக்கு முன்னாடி ஆளே இல்ல. கதவில்லாத வீட்டுக்குக் காவல் நிக்கற மாதிரி இருக்கு."

"இதை நீங்க சொல்லணுமா மாப்பிள்ளை? நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார்.

மறுநாள் சிமெண்ட்காரர் மேடையில் நின்று விஷயத்தை நேராகவே உடைத்தார். "ஒண்ணு, நல்ல டிபெண்டர் ரெண்டு பேரை வாங்கலாம். இல்லன்னா பாங்க்ல கடன் வாங்கி, கூரையோட புது ஸ்டேடியம் கட்டலாம். கட்டினா கொஞ்ச வருஷத்துக்கு ஆள் வாங்கக் கையில காசு இருக்காது. அதையும் சொல்லிடறேன். தலைவர் என்ன சொல்றீங்க?"

குடைக்காரர் எழுந்தார். டிபெண்டர் என்று சொல்லத்தான் எழுந்தார், அதில் பொய்யில்லை. ஆனால் மண்டபம் நிறைய முகங்கள். அத்தனையும் தன்னையே பார்க்கின்றன. மைக் வேறு நன்றாக வேலை செய்தது. அவருக்கு வாயில் ஏதோ ஊறியது.

"ஐயா, நான் குடை விக்கிறவன். மழை பெஞ்சாதான் என் வீட்டுல அடுப்பு எரியும்" என்று தொடங்கினார். மண்டபம் சிரித்தது. சிரிப்பைக் கேட்டதும் அவருடைய கால் தரையில் இல்லை. "அப்படிப்பட்ட நானே சொல்றேன். ஜனங்க நனையக் கூடாது. கூரை போடுங்க! கூரை இருக்க, குடை எதுக்குங்க?"

மண்டபம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். தன் வயிற்றில் அடித்துக்கொண்டு ஊருக்கு நல்லது சொல்கிற மனிதருக்கு யார்தான் கை தட்டாமல் இருப்பார்கள்? சிமெண்ட்காரர் எழுந்து வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். குடைக்காரர் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை சொன்னார். யாரும் கேட்கவில்லை, இவராகவே சொன்னார். இறங்கி வரும்போதுதான் பின்வரிசையில் மாப்பிள்ளை கண்ணில் பட்டார். அவரும் தட்டிக்கொண்டிருந்தார். மரியாதைக்கு, மெதுவாக.

அன்று சாப்பாட்டு மேசையில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை கோபப்படவில்லை. "பரவாயில்ல மாமா, கூரையும் நல்லதுதான்" என்றார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

மனைவிதான் பேசினார். "மாப்பிள்ளை ரெண்டு ஆள் வாங்கிட்டு வரச் சொன்னாரு. இவரு கைதட்டல் வாங்கிட்டு வந்திருக்காரு."

"ஏம்ப்பா, கூரை வந்தா நம்ம ரெயின்கோட்டு?" என்றாள் மகள்.

"காத்தடிச்சா சாரல் உள்ள வரும்ல? அப்ப விக்கும்மா."

"கூரைன்னா நம்ம கடை வாசல்ல கிடக்கற தகரம்னு நெனச்சுட்டீங்களா?"

அவர் அப்படித்தான் நினைத்திருந்தார். அசடு வழிய எழுந்து கை கழுவப் போனார்.

ஸ்டேடியம் எழும்பியது. கட்டி முடிகிற வரை கிளப் பக்கத்து ஊர் மைதானத்தில் ஆடியது. இவர் தினமும் கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, தன் பிழைப்புக்குக் கல்லறை கட்டுவதை வேடிக்கை பார்த்தார். அப்படித்தான் வாடிக்கையாளர்களிடம் சொல்வார். "பாத்துக்குங்க, நல்ல உறுதியான கல்லறை. நானே கேட்டு வாங்கினது." வடக்கு, தெற்கு, மேற்கு மூன்று பக்கமும் பிரமாதமான கூரை வந்தது. கிழக்குப் பக்கத்துக்கு வருவதற்குள் கடன் பணம் தீர்ந்துவிட்டது, அது மட்டும் வானம் பார்த்தபடி நின்றது. தரையை உயர்த்தி, அடியில் குழாய் பதித்து, புதுப் புல் போட்டார்கள். எவ்வளவு மழை கொட்டினாலும் அடுத்த நிமிடம் உறிஞ்சிவிடும்.

திறப்பு நாளன்று வடக்கு வாசலில் ஒரு பெரிய பலகை இருந்தது. குடையின் படம், அதன் மேல் சிவப்பில் ஒரு குறுக்குக் கோடு. கீழே கொட்டை எழுத்தில்: "கூரை இருக்க, குடை எதுக்குங்க?" அதற்கும் கீழே: "ரசிகர் மன்றத் தலைவர்." பாதுகாப்பு கருதிக் குடைக்குத் தடை. எப்படிச் சொன்னால் ஜனம் கேட்கும் என்று யோசித்த நிர்வாகம், தலைவரின் பொன்மொழியையே எடுத்துப் போட்டுவிட்டது. அந்தப் பலகைக்கு நேர் எதிரே அவருடைய கடை. வருகிற ஜனம் பலகையைப் படிக்கும், திரும்பிக் கடையைப் பார்க்கும், மறுபடியும் பலகையைப் படிக்கும். பிறகு சிரிக்கும். இவரும் கல்லாவிலிருந்து கையசைப்பார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இவருக்குச் சூனியத்தை விளம்பரத்தோடு வைத்துக் கொடுத்திருந்தார்கள்.

நியாயமாகச் சொல்ல வேண்டும், ஸ்டேடியம் நன்றாகத்தான் இருந்தது. கழிவறை சுத்தம். குடும்பம் குடும்பமாக வந்தார்கள். கம்பெனிக்காரர்கள் ஆட்டம் பார்க்கக் கண்ணாடி அறைகளை வருஷத்துக்கு வாடகைக்கு எடுத்தார்கள். வசூல் ஏறியது, ஏறிய வசூல் அப்படியே பாங்குக்குப் போனது. ஆட்டக்காரர்களுக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை. புதுத் தரையில் வெளியூர்க்காரர்கள் யாரும் வழுக்கி விழவுமில்லை. இப்படி நல்ல மைதானம் கொடுத்தீர்களே என்று நன்றி சொல்லிவிட்டுக் கோல் போட்டுவிட்டுப் போனார்கள். முன்பைப் போல இரண்டு மடங்கு ஜனம் வசதியாக உட்கார்ந்து, முன்பைப் போல இரண்டு மடங்கு கோல் வாங்குவதைப் பார்த்தது.

எல்லாப் பந்தும் மாப்பிள்ளையை நோக்கித்தான் வந்தது. முன்னால் தடுக்க ஆளில்லை. ஒன்றைத் தடுத்து எழுவதற்குள் அடுத்தது வரும். ஆட்டம் முடிந்து வந்து, மாடியில் ஐஸ் பையில் விரல்களைப் புதைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கீழே கடைக்கு வருகிறவர்கள், "கீப்பரை மாத்தணுங்க" என்பார்கள், மாமனாரிடமே. "தலைவரைத்தாங்க மாத்தணும்" என்று இவர் சொல்வார். அவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். இவர் சிரித்து முடித்ததும் ஐஸ் வாங்கப் போவார்.

சீசன் முடிகிற கட்டத்தில் கிளப் பட்டியலின் அடியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருநாள் மகள் ரெயின்கோட்டுகளை மடித்துப் பெட்டியில் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, சிமெண்ட்காரர் எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்லிட்டாராம். கடைசியில வந்து கீழ் லீக்குக்கு இறங்கிட்டா இந்தச் சம்பளம் தர முடியாதாம். எல்லாரோட ஒப்பந்தமும் முடிஞ்சுது."

"முடிஞ்சா?"

"முடிஞ்சா வேற ஊர்தான். யாரு கூப்பிடறாங்களோ அங்க போகணும். நானும்தானே போகணும்."

அவள் மடித்துப் போட்ட ரெயின்கோட் ஒன்றை எடுத்து அவர் மறுபடியும் பிரித்தார். அவள் பாட்டுக்கு மடித்துக்கொண்டிருந்தாள். அவள் இல்லாத கடையை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. சரக்கு, விலை எல்லாம் எப்படியாவது போகட்டும். சாயங்காலம் ஆனால் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, தன் பேச்சைக் கேட்டுக் கண்ணை உருட்டுவாளே, அது இல்லாமல் எப்படி?

கிளப் இறங்கக் கூடாது. அதற்கு அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை குடை. சிமெண்ட்காரரின் அலுவலகத்துக்குப் போனார். பளிங்குத் தரை, பெரிய மேசை, மேசை மேல் ஸ்டேடியத்தின் சின்ன மாதிரி. கிழக்குப் பக்கத்துக்கும் கூரை போட்ட மாதிரி.

"கடைசி மேட்ச்சுக்கு மட்டும் குடைக்கு அனுமதி கொடுத்தீங்கன்னா..." என்று இழுத்தார்.

"என்னங்க இது? நீங்க சொன்ன வார்த்தையைத்தானே நாங்க சட்டமா வச்சிருக்கோம்."

"அது சும்மா பேச்சுக்குச் சொன்னதுங்க."

"அடக்கமா பேசறீங்க. எங்க ஆபீஸ்ல அதை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கோம், பாருங்க." நிஜமாகவே மாட்டியிருந்தது.

தன் வாயிடமே தோற்றுப்போய்த் திரும்பி வந்தார். பேக்கரிக்காரர் கடையில் உட்கார்ந்து டீ குடித்தபடி புலம்பினார். பேக்கரிக்காரர் கேட்டுவிட்டு, தன் தொப்பையைத் தடவினார். "மடக்குக் குடைன்னா இங்க ஒண்ணு வைக்கலாம்ல?" என்றார்.

கடைசி ஆட்டத்துக்கு முன்பு குடைக்காரர் கடையிலிருந்த மடக்குப் பொத்தான் குடைகள் அத்தனையையும் சும்மா எடுத்துக் கொடுத்தார். மகள் தடுக்கவில்லை, அவளே பெட்டிகளைப் பிரித்துக் கொடுத்தாள். ஆட்டத்தன்று வடக்கு வாசலில், அந்தப் பலகைக்குக் கீழே, ஊரில் உள்ள ஆண்கள் எல்லாம் தொப்பையும் தொந்தியுமாக வரிசையில் நின்றார்கள். ஒல்லிக்குச்சியாக இருந்த தையற்காரருக்குக்கூட முன்னால் புடைத்திருந்தது. வாசல் காவலாளி ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"என்னய்யா, ஊரு முழுக்க ஒரே வாரத்துல தொப்பை?"

"எல்லாம் நம்ம பேக்கரிதாங்க" என்றார் குடைக்காரர்.

காவலாளி பலகையைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். அவரும் இந்த ஊர்க்காரர்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டு, "சீக்கிரம் போங்க, கூட்டம் சேருது" என்றார்.

டிரா செய்தால் போதும், கிளப் தப்பிக்கும். ஆளுக்கொரு கோலோடு ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. மாப்பிள்ளை பாய்ந்தார், விழுந்தார், புரண்டார். குடைக்காரர் கம்பத்துக்குப் பின்னால் நின்று, தொப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். முடிகிற நேரத்தில், வடக்குக் கோல் முன்னே, நம் ஆள் ஒருவன் எதிராளியின் காலை வாரிவிட்டான். பெனால்டி.

அடிக்கிறவன் பந்தை வைத்தான், பின்னால் நடந்தான், ஓடி வந்தான். வடக்குப் பக்கத்தில் சட்டைகள் தூக்கப்பட்டன. பொத்தான்கள் அமுங்கின.

பழைய மைதானத்தில் அந்தச் சத்தம் காற்றோடு போய்விடும். இங்கே மேலே கூரை இருந்தது. நூற்றுக்கணக்கான குடைகள் விரிந்த சத்தம் கூரையில் மோதித் திரும்பி வந்து, இடி விழுந்த மாதிரி இறங்கியது. குடைக்காரருக்கே தூக்கிவாரிப் போட்டது. அடித்தவனின் கால் பந்தின் ஓரத்தைத்தான் தொட்டது. பந்து சோம்பலாக இடப்பக்கம் போக, மாப்பிள்ளை அதன் மேல் குப்புற விழுந்து, குழந்தையை அணைக்கிற மாதிரி அணைத்துக்கொண்டார். எதிர் அணிக்காரர்கள் கையைக் காட்டிக் காட்டிக் கத்தினார்கள். நடுவர் உதட்டைப் பிதுக்கினார். கிளப் தப்பித்தது.

பேக்கரிக்காரர் இவரைத் தூக்கிச் சுற்றினார். "உங்க கூரையும் உங்க குடையும் சேர்ந்து காப்பாத்திடுச்சுய்யா!" இவர் வாழ்க்கையில் அவ்வளவு அழகான வாக்கியத்தைக் கேட்டதில்லை. மகள் போக மாட்டாள். வேறெதுவும் அவர் தலைக்குள் இல்லை.

பத்து நாள்கூட அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை.

அந்தப் பெனால்டியை டிவியில் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். யாரோ கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். லீக்கிலேயே அதிகப் பந்துகளைத் தடுத்த கோல்கீப்பர் நம் மாப்பிள்ளைதான். வேறு யாருக்கு அவ்வளவு பந்து வந்தது? தலைநகரத்தின் பெரிய கிளப்பிலிருந்து அவரை விலைக்குக் கேட்டுப் போன் வந்தது. சிமெண்ட்காரர் மறு பேச்சில்லாமல் ஒப்புக்கொண்டார். கட்டடக் கடன் கழுத்தை நெரிக்கும்போது, விற்கத் தகுந்த ஒரே சரக்கு அவர் கையில் அதுதான். அவரையும் குறை சொல்ல முடியாது.

மாப்பிள்ளை கண் கலங்க வந்து இவர் கையைப் பிடித்தார். "எல்லாம் உங்களாலதான் மாமா. அன்னைக்கு நீங்க டிபெண்டர் கேட்டிருந்தா என் கைக்குப் பந்தே வந்திருக்காது. யாரு என்னைப் பாத்திருப்பா?"

"ஆமா மாப்பிள்ளை, எல்லாம் யோசிச்சுத்தான் செஞ்சேன்" என்றார் குடைக்காரர். அவரையும் ஒரு யோசனைக்காரராக்கிவிட்டார்கள். டிபெண்டர் கேட்டிருந்தால் மகள் இங்கேயே இருந்திருப்பாள். குடையைக் கொடுக்காமல் இருந்திருந்தால் போயிருப்பாள். கொடுத்ததாலும் போகிறாள். எந்தப் பக்கம் யோசித்தாலும் வழியில் தானே உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்தது. சரக்கறைக்குள் போய், ரெயின்கோட் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து, சிரிப்பதாகத் தொடங்கி அழுதார். சத்தம் போட்டே அழுதார். மனைவி வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டு, உள்ளே வராமல் கதவை மட்டும் சாத்திவிட்டுப் போனார்.

மகளுக்கு மகிழ்ச்சிதான். மறைக்கவும் இல்லை. மறைத்திருந்தால் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும். கிளம்புகிற அன்று மேசை முன் உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள்.

"மொத்த வியாபாரி முதல்ல சொல்ற விலைக்கு மண்டையை ஆட்டாதீங்க. பேசாம இருங்க. நீங்க பேசாம இருந்தாலே அவர் பயந்து இறக்கிடுவாரு."

"பேசாம எப்படிம்மா இருக்கறது?"

"பழகிக்குங்கப்பா."

கார் மூலை திரும்பும் வரை கையசைத்தார். பிறகு வெறும் கையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். மாடியில் இரண்டு அறைகள் காலியாகிவிட்டன. ஒன்றில் பள்ளிக்கூடப் பைகளை அடுக்கலாம் என்று மனைவி சொன்னார். சரி என்றார். இன்றுவரை அடுக்கவில்லை.

அடுத்த சீசன் தொடங்கும் முன்பு, மாப்பிள்ளையை விற்ற பணத்தில் பாங்குக்குக் கட்டியது போக மீதியில், கிழக்குப் பக்கத்துக்கும் கூரை போட்டுவிட்டார் சிமெண்ட்காரர். திறப்பு விழாவுக்கு ஊரே வந்தது. குடைக்காரருக்கு முதல் வரிசையில் நாற்காலி, மனைவிக்கு அதற்குப் பக்கத்தில்.

"இந்தக் கூரைக்கு முதல்ல குரல் கொடுத்தவர், இதுக்கு மாப்பிள்ளையையே கொடுத்தவர், நம்ம தலைவர் ரெண்டு வார்த்தை பேசுவாரு" என்றார் சிமெண்ட்காரர். மனசார, பெருமையாகத்தான் சொன்னார்.

குடைக்காரர் மேடையேறினார். மைக் நன்றாக வேலை செய்தது. கூட்டம் இப்போதே சிரிக்கத் தயாராக இருந்தது. பேக்கரிக்காரர் தட்டுவதற்குக் கையைத் தூக்கியே வைத்திருந்தார். அவர் புதுக் கூரையை அண்ணாந்து பார்த்தார். சுத்தமாக, உறுதியாக, ஒரு சொட்டு உள்ளே விடாத மாதிரி இருந்தது.

"என் பொண்ணு போயிட்டாங்க" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. சிரித்துவிட்டு, அடுத்தது என்ன வரப்போகிறதென்று ஆவலோடு காத்திருந்தது. அவரும் காத்திருந்தார். அடுத்தது எதுவும் வரவில்லை. தலைவர் வேண்டுமென்றே நிறுத்துகிறார் என்று நினைத்து, யாரோ ஒருவர் தட்டத் தொடங்கினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். நாலு பக்கமும் கூரை மூடியிருந்ததால் அந்தச் சத்தம் வெளியே போகாமல் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்தது. அவர் கும்பிட்டுவிட்டு, பழக்கதோஷத்தில் கொஞ்சம் சிரித்தும் வைத்தார்.

மனைவி மட்டும் தட்டவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து மேடைப் படிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"இறங்குங்க, வீட்டுக்குப் போகலாம்" என்றார்.